அம்மாவுக்கு ஒரு பூட்டு

பகலெல்லாம் மருந்துக் கடையில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் டேட்டாபேஸ் பரீட்சைக்குப் படிக்கிற அம்மா வேறு யாருக்கு இருக்கிறார்? வாலுவுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் போன தடவை அம்மா அந்தப் பாடத்தில் கோட்டைவிட்டிருந்தார். இந்தத் தடவையும் போனால் பட்டம் கிடைக்காது.

அம்மா அழகாக அட்டவணை போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினார். ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை படிப்பு. அட்டவணை நன்றாகத்தான் இருந்தது. வீடுதான் சரியில்லை!

"அம்மா, என் சாக்ஸ் எங்க?" என்றான் அண்ணன்.

"ஏம்மா, ரிமோட்டைப் பாத்தியா?" என்றார் அப்பா. அதன்மேல்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கு என்னம்மா பாடம்?" வாலுவும் தன் பங்குக்குக் கேட்டாள்.

"பூட்டு. ஒருத்தர் ஒரு தகவலை மாத்திட்டு இருந்தா டேட்டாபேஸ் அதைப் பூட்டி வச்சிடும். அவங்க முடிக்கிறவரை மத்தவங்க காத்திருக்கணும்."

"நடுவுல புகுந்தா?"

"குளறுபடிதான்!" அம்மா படித்த வரியையே மறுபடி படிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் ஆறு மணிக்கு வாலு தன் சைக்கிள் பூட்டைக் கொண்டுவந்து, அம்மா படிக்கிற அறைக் கதவின் கைப்பிடியில் தொங்கவிட்டாள். முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

அண்ணன் வந்தான். "அம்மா, சாக்ஸ்..."

"பூட்டியிருக்கு. எட்டு மணிக்கு வா."

"ஆமா, பெரிய மனுஷி! எனக்கு இப்பவே வேணும்."

"உன் சாக்ஸ் என்ன அம்மா கால்லயா இருக்கு? போய்த் தேடு!"

தேடினான். கட்டிலுக்கடியில் கிடைத்தது.

அடுத்து அப்பா வந்தார். பூட்டைப் பார்த்தார், வாலுவைப் பார்த்தார். "சரிங்க மேடம்" என்று திரும்பிப் போய்விட்டார்.

பரீட்சைக்கு முந்தின நாள், ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்த வாலுவின் முன்பல் விழுந்துவிட்டது! "அம்மா!" என்று ஓடிவந்து கதவில் கை வைத்தாள். பூட்டு குலுங்கியது.

அடடா! இப்போதே சொல்லாவிட்டால் வெடித்துவிடுவாள் போலிருந்தது. ஆனாலும் பல்லைக் கையில் பொத்திக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

எட்டு மணிக்குக் கதவு திறந்தது. வாலு கையை விரித்துக் காட்டினாள்.

"என் தங்கமே! உள்ள வந்து சொல்லியிருக்கலாமே?"

"பூட்டு போட்டவளே உள்ள வந்தா நல்லாவா இருக்கும்?"

அம்மா சிரித்தபடி அவளைக் கட்டிக்கொண்டார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

சில வாரங்களில் முடிவு வந்தது. வாலு தெருவில் பறந்தாள். "எங்கம்மா பாஸு!" என்றுதான் கத்த நினைத்தாள். முன்பல் இல்லையே!

"எங்கம்மா பாத்து! எங்கம்மா பாத்து!"

"எதைப் பாத்தாங்க?" என்று கேட்டார் எதிர்வீட்டுத் தையல்காரர்.

பதில் சொல்ல வாலு நின்றால்தானே? அவள் அடுத்த தெருவுக்கே போய்விட்டாள்.