கேபிள் மாறிய பந்தயம்

ஜூலை 9, செவ்வாய். நேற்றைய என் தவறு: திரையின் கேபிளை, கேம் படங்களை வேகமாக ஓட்டும் கிராபிக்ஸ் கார்டில் செருகாமல், அதன் மேலே இருந்த சாதாரண இணைப்பில் செருகிவிட்டேன்.

டைரியில் எழுதிவிட்டு அவள் பேனா மூடியைக் கடித்தாள். மாலை வகுப்பில் கணினி பழுதுபார்க்கப் படிப்பவள் செய்கிற தவறா இது?

நேற்று திடீர் மழை... வகுப்பிலிருந்து தூக்கி வந்த, தானே கோர்த்த கணினிக்கு ரெயின்கோட்டைப் போர்த்திவிட்டு, தொப்பலாக நனைந்தபடி ஒரு கேம் கடைக்குள் ஒதுங்கினாள்.

"ஜலதோஷம் பிடிக்கப்போறது பெட்டிக்கா, உங்களுக்கா?" என்றான், கேம் ஆடுவதற்கென்றே வரும் கன்சோல் பெட்டிகளை விற்கும் கடைக்காரன். சிரிக்கிற கண்கள்... "கன்சோல்னா செருகினோமா, விளையாடினோமான்னு இருக்கும். இதைத் திருகித் திருகியே ஆயுசு போயிடும்ங்க!"

"உங்க பெட்டி பழசானா மொத்தமா மாத்தணும். இதுல ஒரு பாகத்தை மாத்தினாலே புதுசாயிடும். பட்டனைக்கூட நம்ம கைக்கு ஏத்தபடி வெச்சுக்கலாம்."

கல்லாவில் இருந்த அவன் அக்கா நிமிர்ந்தாள். விபத்தில் வலக்கை செயலிழந்ததிலிருந்து, தம்பியோடு கார் பந்தயம் ஆடுவதையே விட்டவள்.

"ஒரு கையால ஓட்ட முடியுமாம்மா?"

"முடியும்க்கா!"

வாய் முந்திக்கொண்டது. கணினியைக் கடைத் திரையோடு இணைத்து, கார் பந்தயத்தை ஓடவிட்டாள். கார் நொண்டி நொண்டி நின்றது.

"கட்டை வண்டியே தேவலை போல!" என்று அவன் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. இடக்கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை அவளை வீடு வரை துரத்தியது.

இன்று வகுப்பில் கணினியின் பின்புறத்தைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். குதிரையைக் கட்டிப்போட்டுவிட்டு வண்டியைத் தள்ளியிருக்கிறாள்! போய்ச் சொன்னால் சிரிப்பானே... சிரிக்கட்டும்.

"தப்பு என்னோடது. கேபிளை மாத்திச் செருகிட்டேன்." கடை வாசலில் நின்று, அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

அவன் சிரிக்கவில்லை. ஓடி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான்.

வேகம், பிரேக், திருப்பம்... எல்லாவற்றையும் அக்காவின் இடக்கை விரல்களுக்கு அடியில் கொண்டுவந்தாள். அவன் கையில் பிடித்து ஆடும் கன்சோல் கன்ட்ரோலரையும் அதே கணினி ஏற்றுக்கொண்டது. அக்காவின் கார் வழுக்கிப் பறந்தது. சக்கரத்தில் தெறித்த ஒவ்வொரு நீர்த்துளியும் தனித்தனியாக மின்னியது.

"டேய், முந்திட்டேன்டா!"

தோற்றவன் கண்களில்தான் இன்று மழை...

"காலையிலேர்ந்து வானத்தையே பார்த்துட்டிருந்தேன்," என்றான் தணிந்த குரலில். "மழை வந்தா நீங்க ஒதுங்க வருவீங்கன்னு... உங்களைப் பிடிச்சிருக்குங்க."

"மழையே இல்லாம வந்திருக்கேனே... இன்னுமா புரியலை?"

அக்கா திரையை விட்டுத் திரும்பவில்லை. "எனக்கு நேத்தே புரிஞ்சுடுச்சும்மா. இவன் எதுலயும் லேட்டுதான்!"

டைரியில் கடைசி வரியை எழுதினாள்.

நாளை: வகுப்பு முடிந்ததும் கடைக்குப் போய், அக்காவுக்கென ஒரு கணினி கோர்க்கப் பாகங்களைப் பட்டியலிட வேண்டும். கடைக்காரரும் கூட உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்.