மஞ்சள் இலைக்குப் பக்கத்தில் ஒரு வாத்து

என் தங்கையின் தகர வாத்தைக் குளத்தில் மூழ்கடித்த பெருமை முழுக்க என்னையே சேரும். சாவி கொடுத்துத் தண்ணீரில் விட்டால் கப்பல் மாதிரி போகும் என்று நினைத்தேன். இரண்டு குமிழி வந்தது. வாத்து வரவில்லை.

அன்று தங்கை காய்ச்சலில் படுத்திருந்தாள். எழுந்ததும் முதல் கேள்வி, "அண்ணா, என் வாத்து எங்கே?"

"குளத்துல நீந்திட்டு இருக்கு" என்று வாய் உளறிவிட்டது.

"நிஜமாவா? காட்டு!"

அவள் கேட்டால் உடனே பதில் வேண்டும். நாம் கேட்டால் மட்டும் நேரான பதில் வராது. "சாப்பிட்டியா?" என்றால், "நீ சாப்பிட்டியா?" என்பாள். "தூங்கினியா?" என்றால், "ஏன், நீ தூங்கலையா?"

அம்மாவின் வேலை நினைவுக்கு வந்தது. சினிமாக் காட்சிகளில் இல்லாததைக் கம்ப்யூட்டரில் ஒட்டிச் சேர்ப்பதுதான் அம்மாவின் வேலை. வெறும் கடலில் பீப்பாயை மிதக்க விடுவார். "தண்ணி மேல ஒண்ணை வைக்கிறது சுலபம்டா. நனைஞ்ச மாதிரி காட்டுறதுதான் கஷ்டம்" என்பார்.

அம்மா கடைக்குப் போன நேரம். குளத்தைச் செல்போனில் வீடியோ எடுத்து வந்தேன். அம்மாவின் கம்ப்யூட்டரில் வாத்தின் பழைய போட்டோவை வெட்டித் தண்ணீர் மேல் வைத்தேன். அலை ஆடியது. வாத்து ஆணி அடித்த மாதிரி நின்றது!

அம்மா என்ன செய்வார்? தண்ணீரோடு ஆடும் ஏதாவது ஒன்றைப் பிடித்து, பொருளை அதன் பின்னாலேயே போகவைப்பார். கரையோரம் பெரிய மஞ்சள் இலை ஒன்று மிதந்தது. வாத்தை அதனோடு சேர்த்தேன். இலை ஏறினால் வாத்தும் ஏறியது. இறங்கினால் இறங்கியது. இன்னொரு வாத்தைத் தலைகீழாக்கி, மங்கலாக்கி, தண்ணீரில் தெரியும் பிம்பமாகக் கீழே வைத்தேன். எனக்கே நம்பத் தோன்றியது.

தங்கை மூன்று முறை பார்த்தாள். நான் என்னை நானே மெச்சிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் கட்டில் காலி. வாசலில் அவள் செருப்பும் இல்லை.

தெருமுனைக் குளத்துக்கு ஓடினேன். கையில் ஒட்டடைக் குச்சியோடு, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். இன்னும் ஓர் அடி வைத்தால் பள்ளம். வாத்து அங்கேதான் போனது. எனக்குத் தெரியாதா?

"அசையாதே!"

இறங்கினேன், வழுக்கினேன், தலைவரை நனைந்தேன். எப்படியோ அவள் கையைப் பிடித்துவிட்டேன். நனைந்த மாதிரி காட்டுவதுதான் கஷ்டம். நனைவது ஒரு நொடி வேலை.

"அண்ணா, அந்த இலை இங்கேயேதான் இருக்கு. வாத்தை மட்டும் காணோம்" என்றாள்.

அதே மஞ்சள் இலை! என் வீடியோவில் நிஜமான ஒன்றே ஒன்று. அதை நம்பித்தான் வந்திருக்கிறாள்.

'ஆமை தூக்கிட்டுப் போயிருக்கும்' என்று அடுத்த பொய் நாக்கு நுனிவரை வந்தது. குளத்துத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கினேன். அவளைக் கரையேற்றினேன்.

"வாத்து அடியில கிடக்கு. நான்தான் மூழ்கடிச்சேன். வீடியோவும் பொய். நான் ஒட்டினது."

அவள் வாய் திறந்தது. மூடவே இல்லை.

"வீட்டுக்குப் போய் அம்மாகிட்டயும் நானே சொல்லிடறேன்" என்றேன். பாதி வழியில் மெதுவாகக் கேட்டேன். "உனக்கு என் மேல கோபமா?"

'உனக்குக் கோபமா?' என்று திருப்பிக் கேட்பாள் என்றே காத்திருந்தேன்.

"ஆமா. ரொம்பக் கோபம்" என்றாள், என் கையை விடாமல்.