கேபிளின் மறுமுனையில் ஒரு கட்டைவிரல்!

காரின் பின் சீட்டுக்குப் பின்னால் கேபிளைத் தள்ளிக்கொண்டிருந்த இருதயநாதனின் கையில் ஒரு கட்டைவிரல் தட்டுப்பட்டது.

கால் கட்டைவிரல்! "ஆ!" என்று அலறிவிட்டான்.

தன் கால்களைக் குனிந்து பார்த்தான். இரண்டும் அவனோடுதான் இருந்தன.

பிணமா...?

லேசாகக் கிள்ளினான். விரல் நெளிந்தது. "ம்ம்ம்..." என்று ஒரு முனகல். டிக்கிக்குள் யாரோ வாய் அடைபட்டுக் கிடக்கிறார்... உயிரோடு!

"என்னண்ணே, ‘ஆ’ன்னீங்க?"

கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பச்சைச் சட்டைக்காரன் கேட்டான். காரைக் கொண்டுவந்தவன் அவன்தான்.

"கரண்டு அடிச்சிருச்சு சார்..."

"வண்டி ஆப்லல்ல இருக்கு?"

"ஆப்ல இருந்தாலும் என்னைய அடிக்கும் சார். என் ராசி அப்படி!"

திண்டுக்கல் நத்தம் ரோட்டில் கார் ஆடியோ, ரிவர்ஸ் கேமரா, வயர்லெஸ் ஆன்டெனா மாட்டும் கடை இருதயநாதனுடையது. கரப்பான் பூச்சி வந்தால் மனைவி ரூபியை அடிக்கச் சொல்லிவிட்டு, தான் கட்டில்மேல் ஏறி நின்று உற்சாகப்படுத்துகிற வீரன்.

அவனுக்கு இப்போது எல்லாம் விளங்கியது.

வயர்லெஸ் செட்டு, கேபிள், ஆறடி ஆன்டெனா எல்லாவற்றையும் பச்சைச் சட்டையே கொண்டுவந்திருந்தான். வந்ததும் அவன் சொன்னது இதுதான்:

"செட்டு பேசணும்னு அவசியமில்லண்ணே. டேப்பு ஒட்டியாவது ஆன்டெனா உசரமா ஆடணும். சிறுமலை செக்போஸ்ட்ல போலீஸ் வண்டின்னு நெனச்சு கேட்டத் தூக்கிரணும். அம்புட்டுதான். டிக்கியத் தொறக்காதீங்க."

"சார்... வீட்டுக்கு ஒரு போன் பண்ணிக்கிறவா?"

"வேல முடியட்டும்ணே." மேஜையில் கிடந்த இருதயநாதனின் போனை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். சட்டை விலகியபோது இடுப்பில் ஒரு கத்திப் பிடி எட்டிப் பார்த்தது.

ஓடலாம். ஓடினால் இவன் பிழைப்பான். ஆனால் காரும் கிளம்பிவிடும். மலை ஏறிவிட்டால், அந்தக் கட்டைவிரல் உயிரோடு இறங்காது!

‘யேசுவே... கரப்பான் பூச்சியோட நிறுத்தியிருக்கக் கூடாதா?’

கையில் மிச்சம் இருந்தது வயர்லெஸ் செட் மட்டும்தான்.

"ஒரு டெஸ்ட் பண்ணிர்றேன் சார். பண்ணாம விட்டா எனக்குச் சோறு எறங்காது."

"பண்ணுங்க. செக்போஸ்ட்ல அந்தக் கரகரப்பும் கேட்டா நல்லதுதான். ஆனா... ஏடாகூடமா ஒரு வார்த்த வந்துச்சு..." கை இடுப்புக்குப் போனது.

இருதயநாதன் ஹாம் ரேடியோக்காரன். லைசன்ஸும் ‘கால்சைன்’ என்ற அடையாளப் பெயரும் வாங்கி, பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் அரட்டை அடிக்கும் கூட்டம் ஒன்று திண்டுக்கல்லில் இருக்கிறது. அவர்களின் அலைவரிசைக்குத் திருப்பினான். மைக்கை அழுத்தினான்.

"ஹலோ... இருதயநாதன் பேசுறேன்... யாரும் இருக்கீங்களா?"

கர்ர்ர்...

"சொல்லுங்கண்ணே!" ஷாஹினா. பேகம்பூரில் பிரியாணிக் கடை நடத்துபவள். கல்லாவில் ஒரு செட், ஸ்கூட்டியில் ஒரு செட். "உங்க குரல் என்ன கெணத்துக்குள்ள இருந்து வருது?"

"கடைக்குச் செத்த வர முடியுமா தாயி? ஒரு... ஒரு வண்டி வேல. பாரமா இருக்கு."

"மதியச் சாப்பாட்டுக் கூட்டம்ணே! சாயங்காலம் வாரேன்!"

"வாஹித் பாய்... நீங்க?"

"தோல் லோடு ஏறுது தம்பி." குடோனிலிருந்து அப்துல் வாஹித்தின் கனத்த குரல். "அவசரமா?"

பச்சைச் சட்டை முறைத்தான்.

"அவசரம்... இல்ல பாய்."

"அப்ப நாளைக்கிப் பாப்போம்!"

முடிந்தது!

அப்போதுதான் அவன் மண்டையில் மின்னல் அடித்தது. இந்தக் கூட்டம் உதவிக்கு வராது. கல்யாணத்துக்கே பந்திக்குத்தான் வரும். ஆனால் ஒருத்தன் தப்பாக ஒயர் மாட்டுகிறான் என்று தெரிந்தால்...?

கண்ணை மூடிக்கொண்டான். சொல்லப் போவதை நினைத்து அவனுக்கே நெஞ்சு எரிந்தது.

"ஒண்ணுமில்ல பாய். ஆன்டெனா நீளம் தப்புன்னு மீட்டர் முள்ளு காட்டுது. அத யாரு அளந்து டியூன் பண்றது? கேபிளத் துண்டு துண்டா வெட்டிக்கிட்டே வாரேன். மீட்டர் தன்னால சரியாயிரும்ல?"

மைக்கிலிருந்து விரலை எடுத்தான்.

அலைவரிசை வெடித்தது!

"என்னது...?! ஏலே இருதயம்!" வாஹித் கத்தினார். " ஆன்டெனா தப்புன்னா ஆன்டெனாவத்தான்டா சரி பண்ணணும்! கேபிள வெட்டினா மீட்டர்தான்டா ஏமாறும்!"

"மிச்சக் கேபிள வெட்டக்கூட வேணாம்னு நெனைக்கிறேன் பாய். சீட்டுக்கு அடியில பந்தாச் சுருட்டி வச்சிட்டா, நீளம் கூடக் கூட பவரும் கூடும்."

"யா அல்லா...!"

"அண்ணே, வழியிலயே பவர் அம்புட்டும் செத்துரும்ணே!" ஷாஹினா அலறினாள். பின்னணியில் யாரோ, "அக்கா, ரெண்டு மட்டன்..." என்றான். "மட்டனா இப்ப முக்கியம்? தள்ளுய்யா!"

மூன்றாவதாக ஒரு குரல் பாய்ந்தது. ஆத்தூர் தென்னந்தோப்புக்காரர் சோலைமலை. "யாருப்பா அது கேபிள வெட்டுறது? காய் ஏத்திக்கிட்டு டவுனுக்குள்ளதான் வந்திருக்கேன். தொடாதய்யா! வாரேன்!"

இருதயநாதன் கடைசி ஆணியை அடித்தான்.

"ஆன்டெனாவுக்கு எர்த்தும் குடுக்கல. பெயிண்ட் மேலயே வச்சு டேப் ஒட்டிட்டேன்."

பதிலுக்கு வண்டிகள் ஸ்டார்ட் ஆகும் சத்தம்தான் கேட்டது.

"என்னண்ணே, திட்டுறாய்ங்க?" பச்சைச் சட்டை சிரித்தான்.

"தொழில்ல இதெல்லாம் சகஜம் சார். டீ சாப்பிடுறீங்களா?"

டீ வந்தது. ஆறுவதற்குள்...

க்ரீச்ச்ச்...!

வாஹித்தின் ஜீப் வந்து நின்றது. கூரையில் ஆன்டெனா ஆடியது. பின்னால் சோலைமலையின் லோடு வேன். அதில் இரண்டு ஆன்டெனா! ஷாஹினாவின் ஸ்கூட்டியிலும் ஒன்று! அதற்குப் பின்னால், பெயர்கூடத் தெரியாத நாலைந்து கார்கள்... எல்லாவற்றிலும் ஆன்டெனா!

கதவுகள் திறந்தன. ஆவேசமான முகங்கள் காரை நோக்கி ஓடி வந்தன.

பச்சைச் சட்டையின் முகம் வெளுத்தது. டீ கிளாஸ் விழுந்தது. கத்தி விழுந்தது. இரண்டு கைகளும் தாமாகவே மேலே போயின.

"சுட்டுராதீங்க சார்! ஒத்துக்கிறேன்! டிக்கியிலதான் இருக்காரு! உசுரோடதான் இருக்காரு!"

"செத்த தள்ளி நில்லுப்பா, வெளிச்சத்த மறைக்காத!" என்று வாஹித் அவனை ஒதுக்கிவிட்டு, காரின் கூரையைத் தடவிப் பார்த்தார். "அடப்பாவி... நெசமாவே டேப்புத்தான் ஒட்டியிருக்கான்!"

"சீட்டுக்கு அடியில பாருங்க பாய், பாம்பு மாதிரி!" சோலைமலை தலையில் அடித்துக்கொண்டார். "கட்டர் குடுங்க, மிச்சத்த வெட்டுவோம்!"

"வெட்டாதீங்க!" இருதயநாதன் கத்திய கத்தலில் மலைக்கோட்டையே திரும்பிப் பார்த்திருக்கும். "முழுசும் வேணும்! இவனக் கட்டுங்க! டிக்கிக்குள்ள ஆளு இருக்குய்யா!"

அப்போதுதான் அவர்கள் பச்சைச் சட்டையைப் பார்த்தார்கள்.

சோலைமலை அவனைச் சுற்றினார். தலைமுதல் கால்வரை சுற்றினார். கேபிள் இன்னும் மிச்சம் இருந்தது. ஷாஹினா போலீசுக்கு போன் போட்டாள்.

இருதயநாதன் டிக்கியைத் திறந்தான்.

உள்ளே வழுக்கைத் தலையும் கசங்கிய சட்டையுமாக ஒரு நடுத்தர வயதுக்காரர். கைகால் கட்டை அவிழ்த்து, தூக்கி உட்காரவைத்து, வாயிலிருந்த டேப்பை மெல்லப் பிரித்தான்.

"தம்பி..." அவர் அவன் கைகளைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார். "நீ கிள்ளினப்பதான் தம்பி, பொழச்சுக்குவேன்னு நம்பிக்கையே வந்துச்சு..."

இருதயநாதனுக்கும் கண் நிறைந்தது. ஷாஹினா துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தாள். வாஹித்கூட மீட்டரைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரு சார் நீங்க? எதுக்கு உங்களக் கடத்தினான்?"

"இவன் லைசன்ஸ் இல்லாம வயர்லெஸ் செட்டு விக்கிறான் தம்பி. பிடிக்கப் போனேன். தூக்கி டிக்கியில போட்டுட்டான்."

"பிடிக்கப் போனீங்களா? அப்ப... நீங்க?"

"வயர்லெஸ் செக்கிங் ஆபீசர்!"

அவர் கண்ணைத் துடைத்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். தொண்டையைக் கனைத்தார்.

"உள்ள இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். திருட்டு செட்டுல, கால்சைன் ஒரு தடவகூடச் சொல்லாம, அம்புட்டு நேரம் பேசினது... யாரு?"

கூட்டம் மொத்தமும் இருதயநாதனை விட்டு ஓரடி விலகி நின்றது.

அவர் வாயிலிருந்து பிரித்துக் கையில் வைத்திருந்த டேப்பை இருதயநாதன் பார்த்தான்.

"சார்... இதுல இன்னும் பசை இருக்கு. மறுபடி ஒட்டிரவா?"