பயணி எண் இரண்டுக்கு முழுப் பணம்

போன் அடித்தது.

காலை பதினொன்றரை. விமான டிக்கெட் விற்கும் ஆன்லைன் கம்பெனி ஒன்றின் நான்காவது மாடி. ஜன்னல் இல்லாத ஹால். வரிசையாக அறுபது மேஜைகள்.

கடைசி மேஜைக்கு ஆபீஸில் வைத்திருந்த பெயர் ‘எமன் சீட்’. பயணத்துக்கு முன்பே செத்துப்போன பயணிகளின் டிக்கெட்டுக்குப் பணம் திருப்பித் தருகிற மேஜை அது. ஆறு வருஷமாக அங்கே உட்கார்ந்திருந்தவளை எல்லாரும் ‘எமி’ என்றே கூப்பிட்டார்கள். கோபித்துப் பார்த்தாள். பலிக்கவில்லை.

எமி ஹெட்போனை மாட்டினாள்.

“என் மனைவி இறந்துட்டாங்க,” என்றது ஓர் ஆண் குரல். “அவங்க டிக்கெட்டுக்கு ரீஃபண்ட் வேணும்.”

அழுகை இல்லை. தொண்டைகூடக் கம்மவில்லை. கேஸ் சிலிண்டர் புக் பண்ணுகிற குரல்...

எமி வழக்கம்போல வருத்தம் தெரிவித்துவிட்டு, புக்கிங் எண் கேட்டாள். திரையில் விவரம் விரிந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி விமானம். பயணி எண் ஒன்று, அவன். எண் இரண்டு, மனைவி. கேன்சல் பண்ணினால் பைசா தேறாத டிக்கெட். ஆனால் பயணி இறந்தால் முழுப் பணமும் உண்டு. ஒரே நிபந்தனை... விமானம் கிளம்ப எழுபத்திரண்டு மணி நேரம் முன்பே பதிவு செய்துவிட வேண்டும். சர்டிபிகேட்டைப் பிறகு அனுப்பலாம்.

இதெல்லாம் அவனுக்கு ஏற்கெனவே மனப்பாடமாக இருந்தது.

“இறந்த தேதி சொல்லுங்க சார்.”

“பதினாறு.”

டைப் செய்தாள். திரையில் சிவப்புக் கட்டம் குதித்தது. ‘வருங்காலத் தேதி ஏற்கப்படாது.’

இன்று செவ்வாய்க்கிழமை. தேதி பதினாலு!

“சார்... பதினாறு இன்னும் வரலையே.”



“போன மாசம் பதினாறு,” என்றான் நிதானமாக.

லைன் கட்.

 துக்கத்தில் வாய் குழறியிருக்கும் என்று எமி தன்னையே சமாதானம் செய்துகொண்டு புக்கிங்கை மறுபடி பார்த்தாள். பார்த்திருக்கவே வேண்டாம். பயணி எண் இரண்டு, இன்று காலை ஒன்பது மணிக்குத்தான் தன் போனிலிருந்து ஜன்னலோர சீட் தேர்ந்தெடுத்திருந்தாள்.

உயிரோடு இருக்கிறாள். இன்னும் இரண்டே நாளைக்கு!

டீம் லீடரிடம் ஓடினாள். அவர் பாதிக் கதையிலேயே கொட்டாவி விட்டார். மேலிடத்துக்கு மெயில் போடு, மூன்று நாளில் பதில் வரும் என்றார். அதற்குள் அந்தம்மாவின் கதையே முடிந்துவிடும் என்று எமி மன்றாடினாள். நமக்கு ரீஃபண்ட் வேலை, போலீஸ் வேலை இல்லை, அதிகப்பிரசங்கித்தனம் பண்ணினால் சீட்டு கிழியும் என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

வேலை போனால் இன்னொரு வேலை. உயிர் போனால்..?

அவன் மனைவியின் நம்பரை அழுத்தினாள்.

மனைவியே எடுத்தாள். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாளாம். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் இப்போதுதான் வீட்டுக்காரர் முதல்தடவையாக வெளியூர் கூட்டிப்போகிறாராம். அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு எமிக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒன்று விடாமல் சொன்னாள்.

“அக்கா, வீட்டை விட்டுக் கிளம்பிடுங்க. இப்பவே. நேரா போலீஸுக்குப் போங்க.”

மறுமுனையில், பெட்டியின் ஜிப்பை மெதுவாக, கடைசிவரை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது.

“அவரு டிக்கெட்டுக்கும் இதே விதிதானாம்மா?”

ஆறு வருஷப் பழக்கம். இந்த மாதிரிக் கேள்வி காதில் விழுந்தால் எமிக்கு வாய் முந்திக்கொள்ளும். மூளை பின்னால்தான் வரும்.

“ஆமா மேடம். எந்தப் பயணி இறந்தாலும் முழுப் பணம். இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள பதிவு பண்ணிட்டா போதும்...”

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“ஆறு மணியா,” என்றாள் அவள். “டைம் இருக்கு. நீ நல்லா இரும்மா.”

எமி திரும்பத் திரும்ப அழைத்தாள். எடுக்கவில்லை. கணவன் நம்பருக்கும் அடித்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. போலீஸுக்குப் பேசினாள். முகவரி கேட்டார்கள். டிக்கெட்டில் முகவரி ஏது?

ஐந்து நாற்பதுக்கு ஒரு படிவம் வந்து விழுந்தது.

பயணி எண் ஒன்று. குளியலறையில் வழுக்கி விழுந்து மரணம். தேதி, பதினாலு. சிவப்புக் கட்டம் எதுவும் வரவில்லை.

அடியில் வாடிக்கையாளர் கருத்து. ‘தக்க சமயத்தில் தகவல் சொல்லி உயிரைக் காப்பாற்றினார்கள்.’ பக்கத்தில் ஐந்து ஸ்டார்.

எமி திரையைக் காட்டினாள். டீம் லீடர் குனிந்து, மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

“ரெண்டு கஸ்டமர்ல ஒருத்தராவது திருப்தியா இருக்காங்க. நம்ம கம்பெனிக்கு இதுவே ரெக்கார்டும்மா!”