பதினொரு மணிக்குச் செத்த சொல்

மாலை 6.25. ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்த நர்ஸ் தன் அண்ணனின் அறைக் கதவைத் திறந்தாள். நாற்பத்தெட்டுத் தொட்டிச் செடிகளுக்கு நடுவில் அவர் நாற்காலியில் சரிந்து கிடந்தார். உடம்பு ஜில்லிட்டிருந்தது. மேஜையில் பாதி குடித்த பழச்சாறு; அதில் பூச்சிமருந்து. பக்கத்தில் திறந்த மடிக்கணினி. அவர் கணக்கிலிருந்து 4.20-க்கு ஒரு செய்தி போயிருந்தது.

"வேரெல்லாம் நொதல் பிடித்துவிட்டது. இனித் தாங்காது. என் மக்களே, எல்லோருக்கும் கடைசியாக ஒரு குளும்பா!"

இன்ஸ்பெக்டர் அம்மாள் அதை இரண்டு முறை படித்தார். "இது என்ன பாஷை?"

வீட்டுக்குள் செடி வளர்க்கிறவர்களின் இணையக் குழு ஒன்றுக்கு இறந்தவர் தலைவர். 412 உறுப்பினர்கள். நல்ல தமிழில் பேசினால் இவர்கள் செடி இலை விடாது போலிருக்கிறது. வேர் அழுகினால் "நொதல்". புது இலை விரிந்தால் "குளும்பா!" என்று ஒரு கூச்சல். தப்புச் செய்தவரைப் பதினைந்து நாள் விலக்கி வைப்பதற்குப் பெயர் "காயப்போடுவது". காயப்போடப்பட்டவரால் குழுவை எட்டிப் பார்க்கக்கூட முடியாது. நரைத்த தலைகள் விளையாடுகிற விளையாட்டு இது.

அன்று இரவே குழு தீர்ப்பும் சொல்லிவிட்டது. தரையில் தண்ணீர் சிந்துகிறது என்று தினமும் முணுமுணுத்த தங்கைதான் தலைவரைச் சாகடித்தாளாம். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை அவள் வார்டில் நின்றதை முப்பது நோயாளிகள் பார்த்திருக்கிறார்கள். அதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

அவள் அழவில்லை. "நானூத்திப் பன்னண்டு பேருக்கு எழுதியிருக்கான், மேடம். ஒரே வீட்டுல இருக்கேன். எனக்கு ஒரு வரி இல்லையே. அப்படி என்ன பண்ணிட்டேன் நான்?"

இன்ஸ்பெக்டர் குழுவின் துணைத் தலைவர் முகவரியைக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் காலை 10.00. தையல் கடை. குழுவின் துணைத் தலைவர் தையல்காரர். தலைவர் போன துக்கத்திலும், தன் பெயருக்கு முன்னால் இருந்த 'துணை'யை அதற்குள் எடுத்துவிட்டிருந்தார்.

"நேத்து நாலு இருவதுக்கு எங்க இருந்தீங்க?"

"இங்கதாங்க. பள்ளிக்கூடச் சீருடைக்கு அளவெடுத்துட்டு இருந்தேன். கடை நிறைய ஆளு."

"சரி. இந்தக் குளும்பா..."

ஊசி குத்தியதுபோல அவர் துள்ளினார். "ஐயோ, வாயால சொல்லாதீங்க! அது செத்த சொல். நேத்துக் காலையில பதினொரு மணிக்குத் தலைவரே குழுவுல அறிவிச்சு அதைக் கொன்னுட்டாரு."

"எதுக்கு?"

"ஒரு பூந்தொட்டிக் கடைக்காரன் பலகையில எழுதி மாட்டிட்டான். வெளியாள் வாய் பட்டா அது எங்களுக்கு எச்சில். இப்ப 'ஜிம்லா'தான் சொல்லணும். மறந்துபோய்ப் பழசைச் சொன்ன ஒரு டீச்சரம்மாவை, ரெண்டே காலுக்கு, தலைவர் கையோட காயப்போட்டாரு."

"அப்படிப்பட்டவரு ரெண்டு மணி நேரம் கழிச்சு அவரே அதைச் சொன்னாரா?"

"அதுலதாங்க ஆழமே இருக்கு!" தையல்காரர் கண்ணைத் துடைத்தார். "தான் கொன்ன சொல்லோடவே தானும் போயிட்டாரு. குழுவே நெகிழ்ந்துபோச்சு."

ஆழம் என்று பிறர் காட்டிய இடங்களில் முழங்கால் தண்ணீர்கூட இருந்ததில்லை என்பது இன்ஸ்பெக்டரின் இருபது வருட அனுபவம்.

"நேத்தைக்கு முன்னாடியே காயப்போட்டவங்க யாரு?"

"மூணு பேரு. ரெண்டு பேரு வெளிநாட்டுல. இன்னொருத்தர் நம்ம பல் டாக்டர். தலைவர் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி."

"அவர் என்ன பண்ணினாரு?"

"வெள்ளைக் கோடு விழுந்த அபூர்வ இலைன்னு காட்டி எங்க போட்டியில முதல் பரிசு வாங்கினாரு. அது பெயிண்ட்! தலைவர் கண்டுபிடிச்சிட்டாரு. வர்ற ஞாயித்துக்கிழமை படத்தோட அம்பலப்படுத்தறதா அவர்கிட்டயே சொல்லியிருந்தாரு."

காலை 11.30. பல் மருத்துவமனை. டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"தலைவர் வீட்டுக்குக் கடைசியா எப்பப் போனீங்க?"

"ரெண்டு மாசம் ஆச்சு."

"குழு பாக்கறீங்களா?"

"எங்க பாக்கறது? பன்னண்டு நாளா காயப்போட்டு வெச்சிருக்காரே. அவர் போன செய்தியே பல் புடுங்க வந்தவர் சொல்லித்தான் தெரியும்."

ஜன்னலோரத் தொட்டியில் ஒரு இலை பாதி சுருள் பிரிந்திருந்தது. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார். "புது இலையா?"

டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. "இன்னிக்குக் காலையிலதான் விரிஞ்சது. குளும்பா!"

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"குளும்பா. ஏன்?"

"நேத்துப் பதினொரு மணியோட அந்தச் சொல் செத்துப்போச்சு டாக்டர். உங்க குழுவுல இப்ப ஒருத்தரும் அதை வாய்ல வெக்கறதில்ல. தலைவரோ ரெண்டே காலுக்கு அதுக்காக ஒருத்தரைத் தண்டிச்சவரு. நாலு இருவதுக்கு அதையே எழுதியிருக்க மாட்டாரு. குழுவைப் பாக்க முடிஞ்ச யாரும் எழுதியிருக்க மாட்டாங்க. குழுவோட பாஷை தெரியணும், நேத்து நடந்தது தெரியக் கூடாது, தலைவர் கதவு திறந்து உள்ள விடற ஆளாவும் இருக்கணும். மன்னிப்புக் கேக்க வந்தேன்னு சொன்னீங்களா? பழச்சாறு நீங்களே வாங்கிட்டுப் போனீங்களா?"

டாக்டர் வாயைத் திறந்தார். தினமும் பிறரைத் திறக்கச் சொல்கிறவர், கழற்றி வைத்த கையுறையை மறுபடி மாட்டிக்கொள்ளத் தொடங்கினார்.

"உங்க ஃபோனைக் குடுங்க."

குறிப்புகளில் அந்த மூன்று வரிகளும் அப்படியே இருந்தன. முந்தாநாள் மாலை தட்டி வைத்தவை. தலைவர் நாற்காலியில் சரிந்ததும், அவர் கணினியில் அதைப் பார்த்துப் பார்த்துத் தட்டிவிட்டு, திரையில் மேலே ஏறிப்போயிருந்த காலை அறிவிப்பைப் படிக்காமலே ஓடியிருக்கிறார்.

"ஊர் முழுக்க என் பேரு நாறிப்போயிருக்கும், மேடம்," என்றார் டாக்டர்.

"நாலு கோடு பெயிண்டுக்கா ஒரு உயிரு? வாங்க."

பிற்பகல் 3.40. தையல்காரர் ஃபோனில் வந்தார். கொலைகாரர் எழுதியது என்றாலும் அந்தச் செய்தி மிக அழகாக இருக்கிறது, குழுவின் முகப்பிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் பதில் சொல்லாமல் துண்டித்துவிட்டு நர்ஸின் வீட்டு மணியை அடித்தார்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்தபின் அவள் ஒன்றை மட்டும் கேட்டாள். "அப்ப அது அண்ணன் எழுதினது இல்லையா?"

"ஒரு எழுத்துகூட இல்லம்மா. உங்ககிட்ட சொல்லாம அவரு போகல. சொல்ல நேரம் குடுக்காம அந்த ஆளு அனுப்பிட்டான்."

நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "அண்ணா" என்று வாய்விட்டு அழுதாள்.