புகை மணக்காத போத்தல்

பத்து மணிக்குக் கடையின் பலகைக் கதவுகளைக் கழற்றி முடிப்பதற்குள் டெலிபோன் அலறியது.

சேதுபதி கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தான்.

"இன்ஸ்பெக்டர் கருணாகரன் பேசறேன். காஜா பெராங்லருந்து. உங்க முதலாளி வீடு."

"சொல்லுங்க சார்."

"மாணிக்கவாசகம் போயிட்டாரு. கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

"வரேன்."

எப்படிப் போனார் என்று கேட்க மறந்துவிட்டது, சைக்கிளில் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது.

மலாக்கா முழுக்கத் தோரணம். மெர்டேக்கா சுதந்திர விழாவுக்கு ஊரே வெள்ளையடித்துக்கொண்டிருந்தது. மதுபான வியாபாரி மாணிக்கவாசகத்தின் வாசலில் மட்டும் கும்பல். பக்கத்துக் கம்போங் செட்டி குடியிருப்புப் பெண்கள் இரண்டு பேர் மலாயில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அழுது சிவந்த கண்களோடு சிவகாமசுந்தரி எதிரே வந்தாள். நேற்றுவரை முதலாளியம்மா. இப்போது விதவை.

"தம்பி... பசியாறிட்டீங்களா?"

பழக்கத்தில் கேட்டுவிட்டாள். கேட்டதும் உடைந்து அழுதாள்.

"உங்களைத்தான் தம்பி ரொம்ப நம்புனாரு..."

சேதுபதி தரையைப் பார்த்தான்.

உள்ளே பிரம்பு நாற்காலியில் வெள்ளைத் துணி மூடிய உருவம். பக்கத்து மேஜையில் ஒரு விஸ்கி போத்தல். முக்கால்வாசி இருந்தது.

நேற்று மத்தியானம் கடையில், லாலாங் களைப்புல்லைக் கொல்ல அடிக்கும் மருந்தை அந்தப் போத்தலில்தான் அவன் கலந்தான்.

கை நடுங்கவில்லை. மனைவி மல்லிகா செத்ததிலிருந்து அவனுக்கு எதுவுமே நடுங்குவதில்லை.

"உக்காருங்க." இன்ஸ்பெக்டர் கருணாகரன் இளைஞர். எண்ணெய் வைத்து வாரிய தலை. "நல்லா நண்டு சாப்பிட்டிருக்காரு மனுசன். கெட்டுப்போன நண்டுங்கறாரு டாக்டர்."

"நண்டா?"

"வேற என்ன நெனச்சீங்க?"

"ஒண்ணும் நெனைக்கல சார்."

நண்டு! சேதுபதி மெல்ல மூச்சுவிட்டான். யாருக்கும் சந்தேகமில்லை. சாயந்திரம் செமாபோக்குக்குப் போய், மாமியாரிடம் வளரும் மகள் சீதாவைத் தூக்கிக்கொள்ளலாம். இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறாள். இனி அவளுக்கு இருப்பது இவன் ஒருவன்.

"இது எஸ்டேட் துரை ஊருக்குப் போறப்ப குடுத்துட்டுப் போன போத்தல்தானே?"

"ஆமா சார். சிங்கிள் மால்ட்."

"அப்படின்னா? நீங்க காலேஜ் படிச்சவரு, சொல்லுங்க. நமக்கு சம்சு சாராயமும் ஒண்ணுதான், இதுவும் ஒண்ணுதான்."

"ஒரே வடிசாலையில, முளைகட்டின பார்லியில மட்டும் காய்ச்சினது. மத்ததோட கலக்க மாட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"இல்ல. துரையோட தீவுல சதுப்பு மண்ணை வெட்டிக் காயவச்சு எரிப்பாங்க. அந்தப் புகையிலதான் பார்லி காயும். அந்த வாசம் கடைசி வரைக்கும் போகாது. நம்ம ரப்பர் ஷீட் போடற புகைக்கூடத்துல அயோடின் கொட்டினா எப்படி இருக்கும்? அப்படி."

"அட... நிறம்?"

"ஓக் பீப்பாய்ல வருசக்கணக்கா கிடக்கும். நிறமும் இனிப்பும் மரத்துலருந்து ஊறும். அது கிடந்த மரமும், குடிச்ச புகையும்தான் சார் அதோட குணம்."

"மனுசன் மாதிரின்னு சொல்லுங்க." கருணாகரன் சிரித்தார். மூடியைத் திருகிப் போத்தலை நீட்டினார். "எங்க, மோந்து பாத்து சொல்லுங்க. புகை தெரியுதா?"

சேதுபதி மோந்தான்.

கருகிய சர்க்கரை. வெறும் ஸ்பிரிட்டின் காரம்.

புகை இல்லை!

மறுபடி மோந்தான்.

முதலாளியின் வழக்கம் கடையில் எல்லோருக்கும் தெரியும். நல்ல சரக்கை வேறு போத்தலுக்கு மாற்றிவிட்டு, அசல் போத்தலில் மட்டமானதை ஊற்றிவைப்பார். அப்படியென்றால்... இவர் குடித்தது போக மிச்ச விஷம் எங்கே?

"என்ன சார்? நல்ல சரக்குதானே?"

"...ஆமா. நல்ல சரக்குதான்."

"எனக்கும் கொஞ்சம் குடுத்தாரு, பாவம். நேத்து பொழுது சாயறப்ப இந்தப் பக்கம் வந்தேன். சின்ன போத்தல்ல ஊத்தி, மெர்டேக்காவுக்கு வச்சுக்கங்கன்னாரு."



"குடி... குடிச்சீங்களா?"

"நானா? தொடமாட்டேன். மாமனாருக்குத்தான். கிளேபாங்ல இருக்காரு. பகல் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மடக்கு போட்டாத்தான் அவருக்குச் சோறு இறங்கும்."

சுவர்க் கடிகாரத்தில் உச்சிப்பொழுது நெருங்கிக்கொண்டிருந்தது.

பேசாமல் இரு. யாரோ ஒரு கிழவர். நண்டு உன்னைக் காப்பாற்றிவிட்டது. சீதாவை நினை.

நினைத்தான். சீதா வரவில்லை. மல்லிகா வந்தாள். பிள்ளை பெற்ற உடம்புக்குச் சூடு வேண்டுமென்று மாணிக்கவாசகம் சிரித்துக்கொண்டே கொடுத்த பிராந்தி. போலிச் சரக்கு ஊருக்கு விற்கத்தான், தன் ஆளுக்குத் தரமாட்டார் என்று நம்பி, கரண்டியில் ஊற்றிப் புகட்டியவன் இவன். முதலில் கண் போனது. அப்புறம் உயிர்.

எந்தச் சரக்கையும் மோந்தே சொல்லிவிடுகிறவன், அன்று மட்டும் மோந்து பார்க்கவில்லை.

"போன் பண்ணுங்க."

"யாருக்கு?"

"உங்க மாமனாருக்கு. குடிக்கவேணாம்னு சொல்லுங்க. இப்பவே!"

"ஏன் சார்?"

"அதுல லாலாங் மருந்து இருக்கு. நான்தான் கலந்தேன். இவரைக் கொல்லத்தான்... இவரை மட்டும்தான்."

அறை வாசலில் ஒரு கண்ணாடித் தம்ளர் விழுந்து உடைந்தது. சிவகாமசுந்தரி அவனுக்காகக் கொண்டுவந்த காப்பி.

அவள் கத்தவில்லை. வெறுமனே பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

கருணாகரன் போனைத் தொடவே இல்லை. போத்தலை நிதானமாக மூடினார்.

"அசல் போத்தல் விடியறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போயிடுச்சு. அவரு குடிச்சது போக மிச்சம் அதுலயே இருந்தது. இது அதே மாதிரி வேற போத்தல். இதுல இருக்கறது கடைத்தெருவுல வாங்கின மட்டச் சரக்கு."

"அப்ப... நண்டு?"

"விஷம்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு. கடையில யார் கலந்தான்னுதான் தெரியல. தப்பு பண்ணாதவனா இருந்தா, 'இது மால்ட்டே இல்ல சார், யாரோ ஏமாத்திட்டான்'னு சிரிச்சிருப்பீங்க. நீங்க மோந்துட்டு நல்ல சரக்குன்னீங்க."

சேதுபதி கைகளை நீட்டினான். இப்போதுதான் அவை நடுங்கின. மல்லிகாவுக்குப் பிறகு முதல் தடவையாக.

விலங்கு பூட்டப்பட்டது. வாசலில் போலீஸ் காடியை முடுக்கும் சத்தம்.

"சார்... ஒண்ணே ஒண்ணு. அந்தப் பெரியவர் நெசமாவே நல்லா இருக்காரா?"

கருணாகரன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

"மாமனாரா? அதுக்கு முதல்ல யாராவது எனக்குப் பொண்ணு குடுக்கணும் சார்."