தூங்காத காந்தம்

“அண்ணா...!”

அவள் போட்ட அலறலில் ஸ்கேன் சென்டரே அதிர்ந்தது.

எம்.ஆர்.ஐ. அறை. ராட்சத மெஷினின் வாயருகே அண்ணன் குப்புறக் கிடந்தான். பின்மண்டையில் ரத்தம். பக்கத்திலேயே ஓர் ஆக்ஸிஜன் சிலிண்டர்!

இழையாக மூச்சு மட்டும் ஓடியது. ஆம்புலன்ஸ் அவனை அள்ளிக்கொண்டு போனது. பின்னாலேயே ஓடியவளை இன்ஸ்பெக்டர் மறித்தார்.

“எங்கேம்மா கிளம்பிட்டே? உன் மேலதான் புகாரே!”

“என் மேலேயா? யார் சொன்னது?”

“நான்தான்!”

பேடன்ட் வக்கீல். அண்ணியின் கூடப்பிறந்த அண்ணன். அவளும் அவள் அண்ணனும் கண்விழித்து உருவாக்கிய, எம்.ஆர்.ஐ. படம் பிடிக்கும் புது கம்பிச்சுருளுக்குக் காப்புரிமை வாங்கித் தருவதாகச் சத்தியம் செய்த மனிதர்.

“கண்ணாடி வழியா என் கண்ணால பார்த்தேன் சார்! அவன் உள்ளே நின்னான். இவ வெளியிலேர்ந்து மெஷினை ஆன் பண்ணினா. சிலிண்டரைக் காந்தம் இழுத்துச்சு... பறந்து வந்து பொளேர்! காப்புரிமை மொத்தமும் இவளுக்கே வேணுமாம்!”

“அத்தான்! வாய் கூசலையா உங்களுக்கு?”

கேமராவும் கைவிட்டது. நெட்வொர்க் கேபிளை யாரோ பிடுங்கியிருந்தார்கள்!

அண்ணன் பிழைப்பானா? பிழைத்து வந்து, தங்கைதான் அடித்தாள் என்று அவனும் நம்பிவிட்டால்? ஐயோ, அதைவிடச் சாவதே மேல்!

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிலிண்டரைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

“சார், உங்க சாவிக்கொத்தைக் கொடுங்க.”

“எதுக்கு?”

“கொடுங்க சார்!”

மெஷினை நெருங்கி உள்ளங்கையை விரித்தாள்.

விர்ர்ர்... ணங்!

சாவிக்கொத்து பாய்ந்து மெஷினோடு ஒட்டிக்கொண்டது. இன்ஸ்பெக்டர் வாயைப் பிளந்தார்.

“மெஷின் ஆஃப்லதானேம்மா இருக்கு?”

“படம் எடுக்கறதுதான் நின்னிருக்கு. காந்தம் ராப்பகலா விழிச்சுட்டுதான் இருக்கும். அதை யாரும் புதுசா ஆன் பண்ண வேண்டியதில்லை!”

“அப்போ சிலிண்டர் ஏன் தரையில கிடக்கு?”

“அது அலுமினியம் சார்! காந்தம் இழுக்கக் கூடாதுன்னே இந்த ரூமுக்குன்னு வாங்கி வச்சது. அது பறக்கவே பறக்காது. யாரோ கையால தூக்கி அடிச்சிருக்காங்க!”

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார்.

“பறந்ததை உங்க கண்ணால பார்த்தீங்க இல்ல, வக்கீலே?”

வக்கீலுக்கு வேர்த்துக் கொட்டியது.

“என் பேர்ல விண்ணப்பம் போட்டதை அவன் கண்டுபிடிச்சுட்டான்... பேசறது பதிவாகக் கூடாதுன்னு கேமரா கேபிளைப் பிடுங்கினேன்... பேச்சு முத்தி, ஆத்திரத்துல கைக்குக் கிடைச்சதை எடுத்து...”

“பாவி!” அவள் வெடித்து அழுதாள். “காந்தம், காந்தம்னு விண்ணப்பத்துல பக்கம் பக்கமா எழுதினீங்களே... ஒரு நாளாவது உள்ளே வந்து அது என்னன்னு கேட்டீங்களா?”

வாசலில் கான்ஸ்டபிளின் தலை.

“சார்! ஆஸ்பத்திரியிலேர்ந்து போன். ஆள் கண் முழிச்சுட்டாராம்... தங்கச்சி எங்கேன்னு கேட்கறாராம்!”

அவளுக்கு உயிர் திரும்பியது.

இன்ஸ்பெக்டர் கைவிலங்கை உருவினார். அது அவர் கையிலேயே துள்ளியது.

“ஐயோ சார்! வெளியே கூட்டிட்டுப் போய் மாட்டுங்க!”

“ஏம்மா... எனக்கு முன்னாடி உன் மெஷின் இவரைக் கைது பண்ணிடுமா?”